மேசைக்கு அடியில் இருந்த பெட்டி

டோல்சன் ஊரில் நோரீன் தோர்ஸ்டாடைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சரியாகத் தெரிந்தவர்களும் கிடையாது. காலேஜ் ஆபீசில் ஏதோ பேப்பர் பார்க்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கோதுமையும் பனியும் பேசித் தீராத ஊரில் அதற்கு மேல் யாருக்கு அக்கறை?

அவள் பார்த்த பேப்பர்தான் அந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரின் தலையெழுத்து. ஊர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே சிலர் கல்லூரிப் பாடம் எடுப்பார்கள். டோல்சனின் இரண்டு வருடக் கல்லூரி, அந்தப் பாடத்தில் தேறியாயிற்று என்று அதற்கு கிரெடிட் கொடுக்கும். அந்த கிரெடிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே அல்ஜீப்ராவுக்குப் பள்ளியில் ஒரு எண், கல்லூரியில் ஒரு எண், பல்கலைக்கழகத்தில் வேறொரு எண். மூன்றும் நடப்பது ஒரே மாநிலத்தின் வரிப்பணத்தில். இருந்தும், ஒண்ட வந்த உறவுக்காரனைப் பார்ப்பதுபோல்தான் ஒன்றையொன்று பார்க்கும். எது எதற்குச் சமம் என்று பட்டியலைப் பார்த்து, ‘செல்லும்’, ‘செல்லாது’ என்று கையெழுத்துப் போடுவது நோரீனின் வேலை. முப்பத்தோரு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள்.

பட்டியல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பல்கலைக்கழகத்திலிருந்து அட்டைப்பெட்டியில் வரும். மின்னஞ்சலில் அனுப்பினால் குடி முழுகிவிடும் என்று அங்கே யாரோ நினைத்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்து, போன வருடத்தோடு ஒப்பிட்டு, மாறியதைச் சிவப்பில் குறித்து, தன் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டுவாள். மாறுவது அபூர்வம். அடிப்படைக் கணிதம் 121 என்றால், அவள் வேலைக்கு வந்த நாள் முதல் 121தான்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை. மாவட்டக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் டோல்சனில் எந்த அலுவலகமும் மத்தியானத்துக்கு மேல் இயங்காது. நோரீன் அந்த வருடம் ஜாம் போட்டிக்கு நடுவர். காட்டுச் செர்ரி ஜாம் மட்டும் இருபத்திரண்டு பாட்டில். ஒரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்கு ட்ரெவர் கெஸ்லர் வந்து நின்றான். பள்ளியிலேயே நான்கு கல்லூரிப் பாடம் முடித்தவன். சிவில் எஞ்சினியரிங் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. பாலம் கட்டணும் என்று நாலாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பையன். தன் கணிதம் அங்கே செல்லுமா என்று கேட்டான். நோரீன் சுவரைப் பார்த்தாள். 121. செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். புதுப் பட்டியல் வந்த பெட்டி, பிரிக்காமல் அவள் மேசைக்கு அடியில், அவள் காலில் இடித்துக்கொண்டு இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டாள். பிறகு மறந்தும் போனாள், பிரித்தது செப்டம்பரில்.

அந்த வருடம் 121, 151 ஆகிவிட்டது. பழைய எண்ணில் படித்தவர்கள் ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு சின்னத் தேர்வு எழுதினால் போதும் என்று பட்டியலின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். ட்ரெவர் எழுதவில்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே போனதும் அந்தக் கணிதம் கணக்கில் வராது என்றார்கள். அது இல்லாமல் இயற்பியலில் சேர முடியாது, இயற்பியல் இல்லாமல் மற்றது எதிலும் முடியாது. ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். நோரீன் பல்கலைக்கழகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது, தேதி மட்டும் மாறி.

அக்டோபரில் அவன் திரும்பி வந்து அவள் கவுன்டரில் நின்றபோது நோரீனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தப்பு தன்னுடையது என்று அவனிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க," என்றான். "அவங்க கிளம்பி வந்தாங்கன்னா இந்த ஆபீசே மிஞ்சாது. எனக்கு மண்டைல ஏறலன்னு சொல்லிக்கிறேன். அதோட பேச்சு முடிஞ்சிரும்."

சொன்னபடியே சொல்லிவிட்டு, கிழக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். நோரீன் சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாது. பதினெட்டு வயது தாண்டிய மாணவனின் ரெக்கார்டு அவனுக்கு மட்டும் சொந்தம்; பெற்றவள் வந்து கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். அவன் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் இருந்தால்தான் உண்டு. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாகவும் இருந்தது என்பதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆறு வருடமாக ட்ரெவரின் அம்மா ரோவேனா கெஸ்லரை மளிகைக் கடையிலும் மாதா கோயிலிலும் பார்த்து, முட்டை விலையும் முழங்கால் வலியும் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்த நாட்கள் அவளுக்கு உண்டு.

இதற்கிடையில் ரோவேனா சும்மா இருக்கவில்லை. கால்நடைத் தீவனக் கடை நடத்துகிறவள், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. தேர்தலில் நின்று மாநில செனட்டர் ஆகிவிட்டாள். மேடைக்கு மேடை அவள் சொன்ன கதை ஒன்றே. என் சொந்தப் பையனுக்கே படிப்பு ஏறவில்லை, அதற்காக நான் பல்கலைக்கழகத்தோடு சண்டைக்குப் போகவில்லை. தகுதி இருந்தால் தேறுவான், இல்லாவிட்டால் வேறு வேலை பார்ப்பான். அவள் வாய்விட்டு அழாமல் சொன்னதால் ஜனங்களுக்குப் பிடித்தது. மூன்று மேடைகளில் நோரீனும் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் மசோதா வந்தது. மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளும், இரண்டு வருடக் கல்லூரிகளும், பல்கலைக்கழகங்களும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் வைக்க வேண்டும். ஓரிடத்தில் தேறியது எல்லா இடத்திலும் செல்ல வேண்டும். நாலு பக்கம்தான். நோரீன் அதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டாள். இது நிறைவேறினால் ஆகஸ்டில் பெட்டி வராது.

அந்த மாநிலத்தில் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் கூடும். கூட்டத்தொடரின் பாதியில் ஒரு கெடு நாள். அதற்குள் குழுவைத் தாண்டாத மசோதா செத்தது. இந்த மசோதாவுக்குக் கெடுவுக்கு முந்தின நாள்தான் விசாரணை வைத்தார்கள். கல்விக் குழுவில் ஒன்பது பேர். நான்கு பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு என்று ஊருக்கெல்லாம் தெரியும். ஒன்பதாவது ஆள் ரோவேனா கெஸ்லர்.

சாட்சி சொல்ல, கவுன்டரில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒருத்தர் வேண்டும் என்று கல்லூரி நோரீனைத் தேர்ந்தெடுத்தது. அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசுச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்கக் கூடாது என்பதால் அவள் சொந்த விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அவளுடைய மேலதிகாரி, பதிவாளர் மெர்வின் ஹாக், ஒரு பக்கம் தட்டச்சு செய்து கையில் கொடுத்தார்.

"இத அப்படியே படிச்சிட்டு உட்காரு. கூட ஒரு வார்த்தை வேண்டாம். ஏப்ரல்ல காலேஜுக்கு அங்கீகாரம் குடுக்கற குழு வருது. நாமளே தப்புப் பண்ணோம்னு போய் ரெக்கார்டுல ஏத்திட்டு வந்திராத."

ட்ரெவர் விஷயம் மெர்வினுக்கும் தெரியும். மூன்று கடிதத்திலும் அவர் கையெழுத்து இருந்தது.

விசாரணை நாள் விடியற்காலையில் தலைநகருக்குப் போக வண்டியை எடுத்தபோது முழங்கால் அளவு பனி. நோரீனின் கணவன் ஆர்லன் மாவட்டச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அன்றைக்கு எந்தச் சாலையை முதலில் சுத்தம் செய்யவேண்டும் என்பதை அவன்தான் முடிவுசெய்தான். மாவட்ட எல்லை வரை முப்பது மைல், அவன் முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டே போக, அவள் பின்னாலேயே போனாள். எல்லையில் இறங்கி வந்து அவள் ஜன்னலைத் தட்டினான்.

"படிக்கப்போறியா, பேசப்போறியா?"

"படிக்கத்தான்."

"அப்ப எதுக்கு ராத்திரி பூரா சீலிங்கைப் பார்த்துக்கிட்டுக் கிடந்த?" என்றான். பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் திருப்பினான்.

கணவாயில் ஒரு லாரி குறுக்கே திரும்பிக் கிடந்தது. ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்றாள். மணியைப் பார்ப்பதும் பேப்பரைப் பார்ப்பதுமாக இருந்தாள். விசாரணை ஒன்பதுக்கு. ஆதரவாளர்கள் முதலில், எதிர்ப்பாளர்கள் பிறகு. முறை தாண்டினால் அவ்வளவுதான். இரண்டு வருடம். இரண்டு ஆகஸ்ட். அந்த இரண்டு ஆகஸ்டில் எத்தனை பிள்ளைகள் தன் கவுன்டருக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவள் சட்டமன்றக் கட்டடத்தின் மூன்றாவது மாடி அறைக்குள் மூச்சு வாங்க நுழைந்தபோது பத்தேகால். எதிர்ப்பாளர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் சார்பில் வந்த டாக்டர் விட்கோம், தன் நிறுவனத்தின் தரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நிதானமான குரல், நல்ல கோட்டு. எல்லாக் கல்லூரியிலும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுப்பதில்லை, அடித்தளம் சரியில்லாத பிள்ளையை மேலே ஏற்றிவிடுவது அந்தப் பிள்ளைக்கே செய்யும் துரோகம் என்றார். குறை சொல்ல முடியாத பேச்சு. நோரீனுக்குக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ரோவேனா கெஸ்லர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். "டாக்டர் சொல்றது எனக்கு நல்லாவே புரியுது. என் பையன் உங்க இடத்துக்குத்தான் வந்தான். ஆறு வாரத்துல திரும்பிட்டான். டோல்சன்ல எல்லா வீட்டு ஃப்ரிஜ் கதவுலயும் பிள்ளைங்க மார்க் ஷீட் தொங்கும். எங்க வீட்டுக் கதவு அன்னிலேர்ந்து காலி. அதுக்காக நான் சட்டம் கொண்டுவரல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். விட்கோம் பரிவோடு தலையசைத்து, சில மாணவர்கள் தயாராக இருப்பதில்லை என்றார்.

குழுத் தலைவர் பொல்லார்ட் மாடு வளர்ப்பவர். அது கன்று ஈனும் பருவம். வீட்டில் பசுக்கள் நிற்கும் நிலையில், யார் அதிகம் பேசினாலும் அவருக்குக் கால் ஆடும். தாமதமாக வந்த ஆதரவாளர் யாராவது உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். நோரீன் கையைத் தூக்கினாள். ஒரு நிமிடம் என்றார் அவர்.

சாட்சி மேசையில் உட்கார்ந்ததும் பெயரைச் சொல்லி, அதை எழுத்துக் கூட்டியும் சொல்ல வேண்டும். சொன்னாள். யார் சார்பில் என்றார்கள். என் சார்பில் என்றாள். மெர்வினின் தாளை விரித்தாள். ‘டோல்சன் கல்லூரி மாணவர் நலனில் என்றும்’ என்று முதல் வரி. அதற்குமேல் கண் நகரவில்லை. எதிரே ஆறடி தூரத்தில் ரோவேனா, கன்னத்தில் கை வைத்து, ஊர்க்காரி என்ற முறையில் லேசாகச் சிரித்தாள். நோரீன் தாளைத் திருப்பிப் போட்டாள்.

"தலைவர் அவர்களே, நான் படிக்கப்போறதில்ல. எந்தக் கிரெடிட் செல்லும், எது செல்லாதுன்னு சொல்றது என் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால ஒரு பையன் வந்தான். அவன் படிச்ச கணக்கு செல்லும்னு எழுதிக் குடுத்தேன். செல்லாது. எண் மாறியிருந்தது. புதுப் பட்டியல் வந்த பெட்டி என் மேசைக்கு அடியிலதான் இருந்துச்சு. நான் பிரிக்கல. கண்காட்சியில ஜாம் போட்டிக்கு நடுவரா போகணும்னு அவசரம்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, பாதியிலேயே விழுங்கினார்கள்.

"பிரிச்சிருந்தா, ஒரு தேர்வு எழுதினாப் போதும்னு அவனுக்குச் சொல்லியிருப்பேன். பிரிக்காததால அவன் படிப்பு போச்சு. டாக்டர் சொன்னாரே, தயாரா இல்லாத மாணவன்னு. அவன் தயாராத்தான் இருந்தான். தயாரா இல்லாதது நான். இந்தச் சட்டம் அன்னிக்கு இருந்திருந்தா அந்தப் பெட்டியே வந்திருக்காது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

ஒரு நிமிடம் முடிந்ததற்கு மணி அடித்தது. ரோவேனாவின் கை கன்னத்திலிருந்து இறங்கியிருந்தது.

குழுவில் யாரும் சாட்சியை நேரே கேள்வி கேட்க முடியாது. தலைவர் வழியாகத்தான் கேட்க வேண்டும். எவ்வளவு கோபமானாலும் அந்த வழியைச் சுற்றித்தான் வர வேண்டும். சண்டையைத் தடுக்க யாரோ கண்டுபிடித்த முறை. அன்றைக்கு அது சித்திரவதையாக இருந்தது.

"தலைவர் அவர்களே, சாட்சிய ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றாள் ரோவேனா. தலைவர் கேட்கலாம் என்றார். "அந்தப் பையன் எந்த ஊர்ப் பள்ளிக்கூடம்?"

"தலைவர் அவர்களே, செனட்டர் கெஸ்லர், அத நான் சொல்லக் கூடாது."

"எந்தப் படிப்புக்குப் போனான்?"

"அதையும் சொல்லக் கூடாது."

"தலைவர் அவர்களே." ரோவேனாவின் குரல் இறங்கிவிட்டது. "அது என் பையனான்னு கேளுங்க."

பொல்லார்ட் நோரீனைப் பார்த்தார். கால் ஆடுவது நின்றிருந்தது. நோரீன் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள். ஆம் என்று ஒரு சொல். ஆறு வருடமாகத் தொண்டையில் நிற்கும் சொல். சொல்லிவிட்டால் தனக்கு எவ்வளவு நிம்மதி என்று நினைத்தபோதே, அதைச் சொல்வது தன் உரிமை இல்லை என்பதும் தெரிந்தது. பையன் கேட்டது ஒன்றே ஒன்று. அவன் படிப்பைக் கெடுத்தாயிற்று. அவன் கேட்டதையாவது கெடுக்காமல் இருக்க வேண்டும்.

"அதுக்கு எனக்குச் சட்டப்படி பதில் இல்ல. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

பொல்லார்ட், உள்நோக்கம் ஒன்றும் இல்லாமல், குடியானவனின் வெள்ளை மனதோடு கேட்டார். "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போலாமே, அம்மா?"

"இல்லாட்டியும் இதே பதில்தான் சொல்வேன், ஐயா. யாரோட அம்மா கேட்டாலும் இதான் பதில்."

குவளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாள். வேறு கேள்வி இல்லை என்றாள் ரோவேனா. குழு மதிய உணவுக்குக் கலைந்தது. ஒன்றரை மணிக்கு வாக்கெடுப்பு.

நோரீன் பளிங்குப் படியில் உட்கார்ந்தாள். கைப்பேசியில் மெர்வினின் செய்தி: ‘என்ன காரியம் செய்தாய்?’ விசாரணையை அவர் கணினியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பதில் அனுப்பவில்லை. தாழ்வாரத்தின் மறுகோடியில், ஜன்னலோரம், ரோவேனா கைப்பேசியைக் காதில் வைத்து நின்றாள். உதடு அசையவில்லை. மறுமுனையில் யாரும் எடுக்கவில்லைபோலும். கிணற்று வேலையில் இருப்பவர்கள் பகலில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. மறுபடி எண்ணை அழுத்தினாள். மறுபடியும் நின்றாள். நோரீன் அங்கேயே இருந்தாள், எழுந்து போகவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல்.

தான் செய்தது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு தாயின் மேடைக் கதையை எல்லார் முன்னாலும் பிடுங்கியாயிற்று. கோபத்தில் அவள் எதிர்த்து வாக்களித்தால் மசோதா போயிற்று, வேலையும் போயிற்று, பையன் ரகசியமும் பாதி போயிற்று.

ஒன்றரைக்குச் செயலாளர் பெயர் வாசித்தார். முதல் இருவர் ஆம். மூன்றாவது பெயர் கெஸ்லர். "கடைசியில சொல்றேன்," என்றாள் ரோவேனா. அடுத்தவர் ‘இல்லை’ என்றார். அதற்கடுத்தவரும் இல்லை. ஆம். இல்லை. ஆம். பொல்லார்ட் இல்லை என்றார். நான்குக்கு நான்கு. செயலாளர் பேனாவோடு நிமிர்ந்தார்.

ரோவேனா நோரீனைப் பார்த்தே பேசினாள். முறைக்கு மாறானது; தலைவர் தடுக்கவில்லை.

"நான் காலைல இல்லைன்னு போடத்தான் வந்தேன். என் பையனப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது, அந்த அம்மா சொல்ல மாட்டேங்குது. தெரிஞ்சது ஒண்ணுதான். ஜாம் நக்கப் போற அவசரத்துல ஒரு பொம்பள பெட்டியப் பிரிச்சாளா இல்லையாங்கறதுல, இந்த மாநிலத்துப் பிள்ளைங்க படிப்பு தொங்கக் கூடாது. ஆம்."

நோரீனுக்கு முகம் சுட்டது. இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்துக்கு நான்கு, மசோதா குழுவைத் தாண்டிவிட்டது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம் அழுதாள். ஜெயித்ததற்கா, வாங்கிக் கட்டிக்கொண்டதற்கா என்று கேட்டால் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

மெர்வின் அடுத்த நாள் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இரண்டு பத்தி. இனி கல்லூரி சம்பந்தமாக எங்கும் பேசுவதில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டாள். கெடு முடிந்ததும் சட்டமன்றத்துக்கு ஐந்து நாள் விடுமுறை. அதன் மூன்றாம் நாள் காலை ரோவேனா கெஸ்லர் கல்லூரி அலுவலகத்துக்கு வந்தாள். செனட்டர் என்று மெர்வின் ஓடி வந்து தன் அறைக்கு அழைத்தார். அவள் போகவில்லை. எல்லோரையும்போல எண் போட்ட டோக்கனை எடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் நான்கு பேர். நோரீன் நான்கு பேரையும் பார்த்து முடித்தாள். எதைப் பார்த்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ரோவேனா கவுன்டரில் ஒரு தாளை வைத்தாள். ஒப்புதல் தாள். ‘என் ரெக்கார்டு முழுவதையும் என் தாயாரிடம் காட்டவும், அதைப் பற்றிப் பேசவும் அனுமதிக்கிறேன்.’ கீழே ட்ரெவரின் கையெழுத்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை.

நோரீன் முறைப்படி கோப்பை எடுத்து, பழைய கையெழுத்தோடு புதியதை ஒப்பிட்டாள். தேதி பார்த்தாள். முத்திரை வைத்தாள். ரோவேனா அத்தனையும் முடியும்வரை காத்திருந்தாள்.

"இப்ப சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"அது என் பையனா?"

"ஆமா."

ரோவேனா கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு வருஷம். கடையில என் பக்கத்துல நின்னு முட்டை விலை பேசினியே, நோரீன்."

"பேசினேன்."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா உனக்கு?"

"இல்ல. என்ன சொன்னாலும் எனக்கு நானே வக்காலத்து வாங்கற மாதிரி ஆயிரும்."

பின்னால் டோக்கனோடு இருந்தவர்கள் சுவரையும் தரையையும் பார்த்தார்கள். ரோவேனா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அந்தக் கணக்குல எவ்ளோ எடுத்தான்?"

நோரீன் தாளை அவள் பக்கம் திருப்பி, வரிமேல் விரலை வைத்தாள். தொண்ணூற்றாறு. அந்த வருடம் அந்த வகுப்பில் அதற்கு மேல் யாரும் இல்லை.

ரோவேனா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல் பேசினாள். "இவனுக்கு மண்டைல ஏறாதுன்னு எத்தன மேடைல சொல்லியிருக்கேன். அவன் அத யூட்யூப்ல பார்த்திருக்கான். பார்த்துட்டு எனக்கு போன் பண்ணி, நல்லாப் பேசினம்மான்னு சொன்னான்."

நோரீன் வரிமேலிருந்து விரலை எடுத்தாள்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு எங்கயும் போய்ச் சொல்லிக்காத."

"சொல்ல மாட்டேன்."

"இதுக்கு ஒரு நகல் குடு."

நகலை எடுத்து, முத்திரை வைத்து, நோரீன் பழக்கத்தில் ஒட்டும் உறைக்குக் கையை நீட்டினாள். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் செல்லும், பிரித்தால் செல்லாது.

"கவர் வேணாம்," என்றாள் ரோவேனா. "ஃப்ரிஜ் கதவுல மாட்டணும்."

நோரீன் தாளை மடிக்காமல் நீட்டினாள்.